வாசகர் கேள்வி-பதில்: கிறிஸ்தவர் குடிக்கலாமா?

போன இதழில் திருவிருந்து பற்றி எழுதியபோது திராட்சரசம் என்ற பேச்சு ஒரு வரியில் வந்துபோனது. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் யார் பெயரும் இங்கே இல்லை. சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஐயா, கானா ஊர் கல்யாணத்தில் தண்ணீரிலிருந்து இயேசு உண்டாக்கியது போதையில்லாத பழச்சாறுதான் என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். கூடப் படிக்கிற நண்பர்களோ, "உங்க இயேசுவே ஒயின் கொடுத்தாரே, உனக்கு மட்டும் என்ன?" என்று கிளாஸை நீட்டுகிறார்கள். எதை நம்புவது? — கல்லூரி மாணவர்

தம்பி, அது ஒயின்தான். நான் குடிக்காதவன், குடிக்க வேண்டாம் என்று சொல்கிறவன், ஆனாலும் என் பக்கத்துக்கு வசதியாக வேதத்தை வளைக்க எனக்கு மனமில்லை. யோவான் 2-ஆம் அதிகாரத்தில் பந்திவிசாரிப்புக்காரன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள்: எல்லாரும் முதலில் நல்ல ரசத்தைக் கொடுப்பார்கள், ஜனங்கள் திருப்தியாகக் குடித்த பிறகு ருசி குறைந்ததை இறக்குவார்கள், நீயோ நல்லதை இதுவரைக்கும் வைத்திருந்தாயே என்கிறான். பழச்சாறு எவ்வளவு குடித்தாலும் ருசி தெரியாமல் போகிற அளவுக்கு யாரும் மயங்குவதில்லை. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்கு வந்தவர்களில் ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் கண்டிக்கிறார், அதுவும் சாற்றினால் வருகிற வெறி இல்லை. இன்னொன்று, அந்த நாட்டில் திராட்சை அறுவடை கோடையின் கடைசியில், இயேசு கடைசி இராப்போஜனத்தில் ரசம் கொடுத்த பஸ்கா பண்டிகை அதற்கு எத்தனையோ மாதம் கழித்து வசந்தத்தில். பழத்தோலிலேயே ஈஸ்ட் இருப்பதால் பிழிந்த சாறு சில நாளிலேயே புளித்துப் பொங்கத் தொடங்கிவிடும். புளிக்காத சாற்றைச் சூடாக்கி பாட்டிலில் அடைத்து ஆராதனைக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் செய்து காட்டியதே 1869-இல்தான்.

அதற்காக உங்கள் நண்பர்கள் சொல்வது சரியாகிவிடாது. அந்தக் காலத்து ஒயினைத் தண்ணீர் கலந்து குடிப்பதுதான் வழக்கம். விஸ்கி, பிராந்தி, ரம் மாதிரி காய்ச்சி வடித்த சரக்கு வேதம் எழுதப்பட்ட காலத்தில் யார் மேஜையிலும் இல்லை, ஐரோப்பாவில் மதுவை வடித்தெடுக்கும் முறை பரவியதே அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் பிறகுதான். நாற்பது சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கானாவைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை. கானாவில் இயேசு செய்தது, விருந்தினர் முன்னால் ஒரு குடும்பம் தலைகுனியாமல் காப்பாற்றியது. வேண்டாம் என்கிறவன் கையில் கிளாஸைத் திணித்தது அல்ல. லூக்கா 7-இல் அவரே சொல்கிறார், யோவான் ஸ்நானன் குடிக்காமல் வந்தான், அவனைப் பிசாசு பிடித்தவன் என்றார்கள், மனுஷகுமாரன் போஜனபானம் பண்ணுகிறவராக வந்தார், அவரை மதுபானப்பிரியன் என்றார்கள். இரண்டு பேரையும் அனுப்பினது ஒரே தேவன். குடிக்காமல் இருந்தவர் அவருக்கு முன்னோடியாக வந்த தீர்க்கதரிசி என்பதை உங்கள் நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, "வேண்டாம்" என்று சொல்ல எந்த வசனமும் ஆதாரமாகத் தேவையில்லை.

என் உறவினர்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் சாதாரணம். நான் போகும் பெந்தெகொஸ்தே சபையில் அது பாவம். ஒரே வேதத்தைப் படித்துவிட்டு ஏன் இந்த வித்தியாசம்? அந்த ஒரு கிளாஸ் பாவமா, இல்லையா?

நேரடியாகவே சொல்கிறேன், அந்த ஒரு கிளாஸ் பாவம் என்று சொல்ல வேதத்தில் வசனம் இல்லை. வெறிகொள்வது பாவம் என்று சொல்ல நிறைய இருக்கிறது. மனுஷருடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் திராட்சரசத்தை தேவனுடைய ஈவுகளில் ஒன்றாக 104-ஆம் சங்கீதம் பாடுகிறது, அதே ரசம் முடிவிலே பாம்பைப்போல் கடிக்கும் என்று நீதிமொழிகள் 23 சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு சண்டை போடுகிறவர்கள்தான் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆராதனை வேலையில் இருக்கும் ஆசாரியர்கள், தேவனுக்கென்று தங்களைப் பிரித்துக்கொள்ளும் நசரேய விரதம் எடுத்தவர்கள் என்று சிலருக்கு முழுத்தடை இருந்தது. எரேமியா 35-இல் வரும் ரேகாபியர் என்ற குடும்பத்தாரைக் கவனியுங்கள். குடிக்காதீர்கள் என்று தகப்பன் யோனதாப் சொன்ன சொல்லுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கீழ்ப்படிந்தார்கள் என்று தேவன் அவர்களை மெச்சுகிறார், ஆனால் இஸ்ரவேல் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டளை போடவில்லை.

சபையின் சரித்திரத்திலும் வெகுகாலம் இதே நிலைதான். ஒயினே கூடாது என்று திருவிருந்தில் தண்ணீரை மட்டும் வைத்தவர்கள் ஆரம்ப காலத்திலேயே இருந்தார்கள், மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். 387-இல் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், ஒயினைக் குறை சொல்லாதீர்கள், குடிவெறியைக் குறை சொல்லுங்கள் என்ற கருத்தில் பேசினார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், நாளுக்கு இவ்வளவு ஒயின் போதும் என்று அளவு வைத்துவிட்டு, அதையும் விட்டுவிட தேவன் யாருக்குப் பலம் தருகிறாரோ அவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்று சேர்த்தார். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும், குடிக்கிறவனை அது தண்டிக்கவில்லை, விட்டவனையும் அது மறக்கவில்லை. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருடைய மனைவி கத்தரீனா வீட்டிலேயே பீர் காய்ச்சினார், அன்று அதை யாரும் தவறாகப் பார்க்கவில்லை.

அப்புறம் எங்கே மாறியது? வடித்தெடுத்த சாராயம் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஏழைத் தெருக்களை ஜின் என்ற மலிவுச் சாராயம் சீரழித்ததைப் பார்த்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1743-இல் தம் சங்கங்களுக்கு விதி எழுதியபோது, குடிவெறியோடு சேர்த்து வடித்த மதுவை வாங்குவது, விற்பது, குடிப்பது எல்லாவற்றையும் தவிர்க்கச் சொன்னார், மிக அவசியமான நிலைமைக்கு மட்டும் விலக்கு. ஒயினையும் பீரையும் அவர் தடுக்கவில்லை. அதற்கடுத்த நூற்றாண்டில்தான் முழு மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. அது புராட்டஸ்டன்ட் காரியம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அப்படி இல்லை. 1838-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் தியோபால்ட் மேத்யூ என்ற கத்தோலிக்கக் குருவானவர் கொடுத்த அழைப்பில் லட்சக்கணக்கானோர் இனிக் குடிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) சபையின் போர்ச்சேவகர்கள் எனப்படும் அங்கத்தினர்கள் இன்றுவரை அந்த உறுதிமொழியோடுதான் சேருகிறார்கள். அமெரிக்காவில் 1874-இல் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் அமைத்தார்கள், கணவன் சம்பளம் முழுவதும் மதுக்கடையில் கரைவதைத் தடுக்கச் சட்டத்தில் எந்த வழியும் இல்லாத பெண்கள் அவர்கள். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பரிசுத்த இயக்கங்கள் இந்த உணர்வில் ஊறியவை, பெந்தெகொஸ்தே சபைகள் அந்த மண்ணிலிருந்தே வந்தன. உங்கள் சபை "பாவம்" என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் இருப்பது வறட்டுப் பிடிவாதம் இல்லை, உடைந்த வீடுகளை நேரில் பார்த்தவர்களின் வேதனை. அந்த வேதனையை நான் மதிக்கிறேன். வேதம் சொல்லாததை வேதத்தின் பெயரில் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த வேதனையே சட்டமாகி, 1920 முதல் 1933 வரை அமெரிக்கா நாடு முழுக்க மதுவை விலக்கியும் பார்த்தது. கள்ளச்சந்தை கொழுத்ததும் அந்தச் சட்டத்தையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ரோமர் 14-ஐ முழுசாகப் படியுங்கள். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக் கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. உங்கள் உறவினர் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இந்த இரண்டாவது பாதி. அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனம் அவர்களுக்கு: மதுபானம் பண்ணுவது ஒரு சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் அதைச் செய்யாமலிருப்பதே நன்மை. நான் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்த வசனம்தான். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யார் குடியை விட்டு மூன்றாவது வாரத்தில் இருக்கிறார், யார் ஒவ்வொரு நாளும் போராடுகிறார் என்று பார்த்தால் தெரியாது, அவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

"வயிற்றிற்காகக் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னாரே, கொஞ்சம் குடிப்பது உடம்புக்கு நல்லதுதானே?

பவுல் அதை எழுதியது தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனவருக்கு, சுத்தமான தண்ணீரும் மருந்தும் அரிதாக இருந்த காலத்தில். கிடைத்ததை மருந்தாகச் சொன்னார், அதிலும் "கொஞ்சம்" என்றே சொன்னார். இன்று உங்களுக்கு வயிற்றில் கோளாறு என்றால் மருத்துவரைப் பாருங்கள். மதுவை 1988-இலேயே உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது, புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே வகையில். இந்த அளவு வரைக்கும் ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. குடிக்க வேண்டும் என்று விரும்பினால் அதை விருப்பம் என்று சொல்லுங்கள், தீமோத்தேயுவின் வயிற்றின் மேல் போடாதீர்கள்.

ஹோட்டலில் பரிமாறும் வேலை. மது ஆர்டர் வந்தாலும் நான்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். இது எனக்குப் பாவமாகுமா?

நெகேமியா பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன், அந்த வேலையில் இருந்துகொண்டுதான் எருசலேமுக்காக அழுது ஜெபித்தார். ஆனால் தோழனுக்குக் குடிக்கக் கொடுத்து அவனை வெறிக்கப்பண்ணுகிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் 2:15 சொல்கிறது. கொண்டுபோய் வைப்பது வேறு, ஏற்கெனவே தள்ளாடுகிறவருக்கு இன்னொன்று சொல்லுங்கள் என்று தூண்டுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். மனசாட்சி தொடர்ந்து உறுத்தினால் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் பாருங்கள், அதுவரை குற்ற உணர்வில் சாக வேண்டாம்.

என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நின்று பாடுவார். வாரத்தில் பாதி நாள் இரவு குடித்துவிட்டு வருகிறார், சில நாள் கை நீட்டுகிறார். பிள்ளைகள் பயந்து நடுங்குகிறார்கள். சபையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன், "புருஷனுக்குக் கீழ்ப்படிந்து ஜெபம் பண்ணுங்க, வெளியே சொன்னா சாட்சி கெட்டுப்போகும்" என்றார். நான் என்ன செய்ய? — ஒரு சகோதரி

சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தப் பெரியவர் சொன்னது தவறு. சாட்சி ஏற்கெனவே கெட்டுத்தான் இருக்கிறது, கெடுத்தது நீங்கள் அல்ல. சபையை மேற்பார்வை செய்கிறவன் மதுபானப்பிரியனாயிருக்கக் கூடாது, அடிக்கிறவனாயிருக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 3:3 ஒரே மூச்சில் சொல்கிறது. உங்கள் சபை அந்த வசனத்தை வைத்து அவரிடம் பேச வேண்டிய இடத்தில் உங்களிடம் பேசியிருக்கிறது.

1 சாமுவேல் 25-இல் அபிகாயிலின் கதை இருக்கிறது, குடிகாரன் வீட்டில் வாழும் பெண்களுக்கு இதைவிட நேரடியான அதிகாரம் வேதத்தில் இல்லை. கணவன் நாபாலின் முரட்டுத்தனத்தால் தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு வருகிறான். அபிகாயில் கணவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, அவனுக்கு ஒன்றும் அறிவிக்காமலே அப்பத்தையும் ரசத்தையும் கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் உள்ள எல்லாருடைய உயிரையும் காப்பாற்றுகிறாள். தாவீதிடம் தன் கணவன் எப்படிப்பட்டவன் என்பதை மறைக்காமல் சொல்கிறாள். அதற்காக வேதம் அவளைக் கண்டிக்கவே இல்லை, புத்திசாலி என்கிறது. திரும்பி வந்து பார்த்தால் நாபால் விருந்து வைத்து மிகவும் வெறித்துக் கிடக்கிறான். விடியும் வரைக்கும் சிறிய காரியமோ பெரிய காரியமோ எதையும் அவள் அவனுக்குச் சொல்லவில்லை, போதை தெளிந்த பிறகுதான் சொல்கிறாள்.

அதே வரிசையில் நீங்களும் செய்யுங்கள். போதையில் இருக்கும்போது வாதம் வேண்டாம், அழுது கெஞ்சவும் வேண்டாம், பாட்டிலைப் பிடுங்கவும் வேண்டாம், அந்த நேரத்தில் உங்கள் வேலை உங்களையும் பிள்ளைகளையும் பத்திரமாக வைப்பது மட்டும். கை நீட்டும் மனநிலை தெரிந்தால் பிள்ளைகளோடு உடனே போக ஒரு வீட்டை, ஒரு நம்பகமான ஆளை இப்போதே பேசி வையுங்கள். முக்கியமான காகிதங்களும் கொஞ்சம் பணமும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். தேவைப்பட்டால் போலீஸைக் கூப்பிடுங்கள், அது கீழ்ப்படியாமை இல்லை. "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று வேலையிடத்துக்குப் பொய் சொல்வது, அவர் வாங்கிய கடனை நீங்கள் அடைப்பது, இதெல்லாம் இரக்கத்தினால்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும், ஆனாலும் நிறுத்துங்கள். அவர் குடியின் விளைவு அவர் கைக்கே போய்ச் சேரட்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டங்கள் 1951 முதல் நடக்கின்றன, அங்கே உங்கள் நிலையில் இருப்பவர்களே உட்கார்ந்திருப்பார்கள், விசாரியுங்கள்.

இன்னொன்று, இதை எல்லாச் சபைகளும் கேட்க வேண்டும். பல வருஷமாக நிறையக் குடிக்கிற ஒருவரை மூன்று நாள் உபவாச ஜெபத்தில் அறைக்குள் வைத்துத் திடீரென்று நிறுத்த வைப்பது உயிருக்கே ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் சித்தம் கலங்கி, இல்லாததைப் பார்த்துக் கத்தும் நிலை வரலாம். இதைப் பிசாசின் ஆர்ப்பாட்டம் என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தால் ஆள் செத்துப்போவார். மருத்துவமனையில் மருந்தோடு நிறுத்துவதுதான் வழி. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

ஆராதனையில் முன்னால் போய் முழங்கால்படியிட்டு, இனித் தொட மாட்டேன் என்று பலமுறை உறுதிமொழி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் மறுபடி விழுந்தேன். வெறியர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்ற வசனம் என்னைத் தூங்க விடவில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. நீங்கள் சொல்வது 1 கொரிந்தியர் 6:10. அதற்கு அடுத்த வசனத்துக்கு வாருங்கள்: "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும்… கழுவப்பட்டீர்கள்." பவுல் அதை எழுதும்போது குடியிலிருந்து வந்தவர்கள் அந்தச் சபையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே பட்டியலில் பொருளாசைக்காரரும் உதாசினரும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் முன்னால் வரச் சொல்வதில்லை, அதனால்தான் உங்கள் பாவம் மட்டும் தனியாகப் பெரிதாகத் தெரிகிறது. தூக்கம் வராமல் கிடப்பதே தேவன் உங்களை விட்டுவிடவில்லை என்பதற்கு அடையாளமாக நான் பார்க்கிறேன்.

உறுதிமொழி ஏன் நிற்கவில்லை என்றால், அது ஒரு நிமிஷத்து முடிவு, குடிநோய் அப்படி ஒரு நிமிஷத்தில் போகிற விஷயம் இல்லை. வருஷக்கணக்கில் குடித்த மூளை மாறிப்போயிருக்கிறது, வெறும் மனவுறுதி போதாது. இது நோயா பாவமா என்று சபைகளில் இன்னமும் வாதாடுகிறார்கள். குடித்து மனைவியிடம் பொய் சொன்னால் அந்தப் பொய் பாவம்தான், நிறுத்த நினைத்தும் உடம்பு கேட்கவில்லை என்றால் அது நோயும்தான், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குத்தரகரும் ஒரு மருத்துவரும் ஒருவருக்கொருவர் உண்மை பேசிக்கொண்டதில்தான், குடியை விட முயல்கிறவர்கள் கூடி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. இரண்டு பேரும் ஒரு கிறிஸ்தவ ஐக்கியக் குழுவின் தாக்கத்தில் இருந்தவர்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்வதை அந்தக் கூட்டங்களில் நிஜமாகவே செய்கிறார்கள், பெரும்பாலான சபைகளில் நாம் செய்வதில்லை. மருத்துவரையும் பாருங்கள், ஏக்கத்தைக் குறைக்க மருந்துகள் உண்டு. இன்னொரு பெரிய உறுதிமொழியை எடுக்க வேண்டாம், இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருங்கள். மறுபடி சறுக்கினால் அன்றைக்கே ஒருவருக்கு போன் செய்து சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு வரைக்கும் மறைத்து வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கு "கொஞ்சமாகக் குடிப்பது" என்பது இனிக் கிடையாது, மேலே நான் அந்த ஒரு கிளாஸைப் பற்றி எழுதியது உங்களுக்கு எழுதியது அல்ல.

நான் குடியை விட்டவன். எங்கள் ஆலயத்தில் திருவிருந்துக்கு உண்மையான ஒயின். கிண்ணம் கிட்ட வரும்போதே பயமாக இருக்கிறது. திருவிருந்தையே தவிர்த்துவிடலாமா?

தவிர்க்க வேண்டாம். அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வடிவத்தில் வாங்கினாலும் கிறிஸ்து முழுமையாக அதில் இருக்கிறார் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை, அப்படி வாங்குவது அங்கே குறையாகவே கருதப்படுவதில்லை. குடிநோய் உள்ள குருக்களும்கூட ஆயரின் அனுமதியோடு, புளிப்பு நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்ற இடமுண்டு. மெதடிஸ்ட் சபைகளில் பெரும்பாலும் சாறுதான். வேறு சபை என்றால் உங்களுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் சாறு வைக்க முடியுமா என்று கேளுங்கள், இது சலுகை கேட்பது ஆகாது. ஞாயிறு காலையில் பலிபீடத்தின் முன்னால் அல்ல, வாரத்தின் நடுவிலேயே போதகரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அவர் தயங்கினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், அப்படியும் முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள்.